தரைப் பல்லோடு மலை ஏறினோம்

வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டது, "அங்கே பால் கிடைக்குமா?" என்பதுதான். கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஆசிரியை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்கு. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாருக்கும் அந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மாமியார் ஏற்காட்டுக்குப் பக்கம் என்றார். எதிர்வீட்டு வாத்தியார் ஆந்திரா என்றார், அதுவும் உறுதியாக.

மீனுவுக்குப் பத்து மாதம். மாமியாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று முடிவு செய்து, பெட்டி கட்டி, பூட்டும் போட்ட பிறகு, கூட்டிக்கொண்டு போவது என்று மாற்றினேன். பெட்டியைத் திறந்து பாதிப் புடவையை எடுத்துவிட்டுக் குழந்தைத் துணியை அடைத்தேன். என் கணவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். லீவு போட்டுவிட்டு வந்து, "சேர்ந்துட்டு அன்னைக்கே இறங்கிருவோம். ரோடெல்லாம் சரியானப்புறம் சாமானோட போய்க்கலாம்" என்றார்.

ரோடு சரியில்லை என்பது பேப்பரில் வந்திருந்தது. வடக்கே இட ஒதுக்கீடு கேட்டு மறியல், மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தோம். பேப்பரில் படிக்கிற மரம் வேறு, பஸ்ஸுக்கு முன்னால் கிடக்கிற மரம் வேறு. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் அது கிடந்தது. எங்கள் வீட்டு அகலத்துக்குப் பெரிய புளியமரம். காயெல்லாம் கிளையிலேயே இருந்தது. அதன்மேல் வரிசையாக இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "இதோட சரி. இனிமே அவங்கவங்க கால்தான்" என்றார்.

பெட்டியும் பிளாஸ்க்கும் குழந்தையுமாக மரத்தருகே போனோம். வரிசையிலிருந்த ஒருவன் கேட்டான்: "கைக்குழந்தையை வச்சிக்கினு எங்கக்கா போறீங்க?"

"வேலையில சேர" என்றேன். சொன்ன பிறகுதான், இவர்களிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். "கேட்டுக்கினியாடா? வேலைக்காக நாம உக்காந்துக்கினு இருக்கோம், அக்கா நடந்துக்கினு இருக்காங்க." மரம் முழுக்கச் சிரித்தது. பிறகு அவனே எழுந்து எங்கள் பெட்டியைத் தூக்கி மறுபக்கம் இறக்கினான். "பசங்களுக்கு நல்லா சொல்லிக்குடுங்க. நானும் பரீட்சை எழுதி எழுதிப் பார்த்துட்டேன், இப்ப மரத்துமேல உக்கார வச்சிட்டாங்க" என்றான். சரி என்று தலையாட்டினேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தோம். ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு டிராக்டர், ஊர்ப் பாதைகளின் வழியாக எங்களைக் கள்ளக்குறிச்சிவரை கொண்டுவந்து சேர்த்தது. டிரெய்லரில் கரும்புச் சோகைமேல் உட்கார்ந்து வந்தோம். வீட்டில் தொட்டிலை ஆட்டி, பாட்டுப் பாடி, விளக்கை அணைத்தாலும் தூங்காத மீனு, எலும்பை உலுக்கும் அந்த ஆட்டத்தில் அசந்து தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை மாலை. கள்ளக்குறிச்சியில் கடைகள் அடைத்திருந்தன. லாட்ஜில் பன்னும் டீயும்தான். எங்கள் ஊரில் கடையடைப்பு என்றாலும் பின்பக்கக் கதவு வழியாக ஒரு தோசையாவது வெளியே வரும். லாட்ஜ்காரர் நல்ல செய்தி ஒன்று சொன்னார்: "பஸ்ஸு எதுவும் கெடையாது சார். ஆனா மலைக்கு ஜீப்பு போவும். மலை ரோட்டை யாரும் மறிக்கல. அங்க மறிச்சா யாரு பார்க்கப்போறாங்க?"

வியாழன் காலை அவர் கைகாட்டிய ஷெட்டுக்குப் போனோம். வரிசையாக ஜீப்புகள் நின்றன, எல்லாவற்றின் வயிற்றுக்கடியிலும் ஒரு ஜோடிக் கால்கள். கறுப்பு எண்ணெயில் தோய்ந்த பல்சக்கரங்களை வாழையிலையில் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பந்திக்கு உட்காரலாம் போலிருந்தது.

இந்த ஊர் வழக்கம் அப்போதுதான் தெரிந்தது. மலைக்கு ஓட்டுகிற ஜீப்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கியர் பாக்ஸுக்கு இரண்டு செட் பல்சக்கரங்கள் உண்டு. புளி, கடுக்காய் இறக்குகிற காலத்தில் மலைப் பல்லு. கல்யாண மாதங்களில் கீழே ஊர் ஊராக ஓடும்போது தரைப் பல்லு. என் கணவர் எனக்கு விளக்கினார்: எஞ்சின் பலமுறை சுற்றிச் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பினால் நல்ல இழுவை, அழுத்தியவுடன் பாயும், ஆனால் பெட்ரோலைக் குடிக்கும், அது மலைப் பல்லு. எஞ்சின் நிதானமாகச் சுற்றிச் சக்கரத்தை அதிகமாக ஓடவிட்டால் பெட்ரோல் மிச்சம், ஆனால் மேட்டைக் கண்டால் முனகும், அது தரைப் பல்லு. எங்கள் ஊரில் பல் மாற்றுகிறவர் ஒருவர்தான். ஜங்ஷனில் கண்ணாடி அலமாரிக்குள் பல்செட் வைத்திருப்பார்.

சிக்கல் என்னவென்றால், மறியல் தொடங்கி டேங்கர் லாரி வராது என்றதும், பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஊரிலுள்ள அத்தனை ஜீப்காரர்களும் தரைப் பல்லுக்கு மாறிவிட்டார்கள். மாறிய பிறகு பார்த்தால் தரை ரோடெல்லாம் மறியல். திறந்திருந்தது மலை ரோடு ஒன்றுதான்.

"ஊரே சேர்ந்து பண்ண புத்திசாலித்தனம் சார் இது" என்றார் சலீம் பாய். அவர் ஜீப் ஒன்றுதான் அன்று நாலு சக்கரத்தில் முழுதாக நின்றது. ஐம்பது வயதிருக்கும். ராத்திரி கோணலாகப் படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்க்க உடம்போடு திரும்பினார்.

"இதுல இருக்கறதும் தரைப் பல்லுதானா?" என்று என் கணவர் கேட்டார்.

"தரைப் பல்லுதான்."

"மலை ஏறுமா?"

"என்னைக் கேட்டா இன்னா சொல்றது? வண்டியைக் கேளுங்க சார்."

"மலைப் பல்லை மாட்டிட்டுப் போலாமே. நாளைக்குத்தானே சேரணும்?"

"மாட்டலாம். போய்ட்டு வர்றதுக்குள்ள டேங்கு காஞ்சிடும். பங்க்குல சொட்டு கெடையாது." மீனு பாலுக்கு அழத் தொடங்கியதும், "வூடு பின்னாடிதான், வெந்நீர் வாங்கிக்கங்க டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னார் சலீம் பாய்.

வீட்டில்தான் மிச்சக் கதை தெரிந்தது. கூடத்தில் அவர் மகள் ஷமீம், காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளைக்கு ஆம்பூரில் வேலை. ரோடு மூடியதில் அங்கேயே நின்றுவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தாலும் வரும் என்று டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். சேலமோ விழுப்புரமோ, எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம், காட்டுப்பாதையெல்லாம் சுற்றி. டேங்கில் இருந்த பெட்ரோல் அதற்காக.

"இவ பெத்து எழுந்தப்புறம்தான் மலைப் பல்லை மாட்டுவேன். அதுவரைக்கும் அது பரண்ல கெடக்கட்டும்" என்றார் சலீம் பாய், மேலே கைகாட்டி. பழைய லுங்கியில் சுற்றிய ஒரு மூட்டை. பக்கத்தில், வெளுத்து மடித்த தூளிச்சேலை.

ஒரு கையெழுத்துக்காக இன்னொருத்தியின் ஆஸ்பத்திரி பெட்ரோலைக் கேட்பதா? கேட்காமல் போனால் வேலை போயிற்று. நான் வெந்நீரை ஆற்றுவதுபோல் ஆற்றிக்கொண்டே இருந்தேன். ஆறிப்போய், ஷமீமின் அம்மா பாத்திமா அக்கா மறுபடி சுடவைத்துக் கொடுத்தார்.

ஷமீம் மீனுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குள்ள சேரலன்னா வேலை போயிடுமாக்கா?"

"ஆமா."

"அத்தா, தரைப் பல்லோடயே இவங்களை ஏத்துங்க. பெட்ரோலும் ஜாஸ்தி ஆவாது."

"ஏறலன்னா?"

"திரும்பி வாங்க. இறங்கறதுக்குப் பெட்ரோல் வேணுமா இன்னா?"

"அதுக்குள்ள உனக்கு வலி வந்துட்டா?"

"நீங்க வர்ற வரைக்கும் அடக்கிக்கினு இருக்கேன்."

"இவ பெரிய ஸ்டேஷன் மாஸ்டரு. கொடி காட்டினாதான் வண்டி வரும்" என்றார் பாத்திமா அக்கா. சலீம் பாய் கழுத்தைத் திருப்ப முடியாததால் மூன்று பேரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாமல் தவித்தார். கடைசியில், "விடியக்காலைல வந்துடுங்க. மதியத்துக்குள்ள நான் இங்க இருக்கணும்" என்றார். அன்று பகல் குஸ்காவும் தாள்ச்சாவும் சாப்பிட்டோம். எங்கள் ஊர் சொதியைத் தவிர எதையும் புகழாத என் கணவர் தாள்ச்சாவை மூன்று முறை வாங்கிக்கொண்டார்.

வெள்ளி. கோமுகி அணையைக் கடக்கும்வரை தரைப் பல்லின் பெருமைதான். எஞ்சின் இருப்பதே தெரியாமல் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. எங்களோடு பச்சையம்மா என்கிற மலைக்கார அம்மாளும் ஏறியிருந்தார். சந்தைக்கு வந்து இரண்டு நாளாக மாட்டிக்கொண்டவர். ஓர் அரிசி மூட்டை, இரண்டு கோழி. "புள்ளையைக் குடு டீச்சர், மடி நோவும்" என்று கேட்டுப் பார்த்தார். பரவாயில்லை என்று நான் மீனுவை இன்னும் இறுக்கிக்கொண்டேன். கோழி தொட்ட கை.

மலை தொடங்கியது. ஜீப் முதலில் முனகியது, பிறகு இருமியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் கணவர் குதித்து இறங்கி, ஒரு கல்லோடு கூடவே நடந்தார். வண்டி பின்னால் நழுவினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. நின்ற இடமெல்லாம் சலீம் பாய் எஞ்சினை அணைத்தார். ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, ஆவி அடங்கியதும் ஒரு மடக்குத் தானும் குடித்தார். இப்படியே வெள்ளிமலைவரை வந்துவிட்டோம். நான் சந்தோஷப்பட ஆரம்பித்தேன். அது தப்பு.

பள்ளிக்கூடம் வெள்ளிமலையையும் தாண்டி, ஒரு மண்பாதையின் உச்சியில். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பாதி மேட்டில் ஜீப் நின்றது. மறுபடி கிளப்பினார். ஓரடி ஏறி நின்றது. மூன்றாம் முறை அந்த ஓரடியும் இல்லை.

"முடிஞ்சுதா?" என்றேன். நடந்துபோகலாமா என்று பார்த்தால், வளைவுக்கு மேல் வளைவு. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். திரும்பிவிடலாம், வரக்கூடாது என்றுதான் இப்படியெல்லாம் நடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

சலீம் பாய் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு இருக்குது சார். மத்த பல்லெல்லாம்தான் மாத்துவோம். ரிவர்ஸ் பல்லை எவனும் மாத்த மாட்டான். முதல் கியரைவிட அதுக்கு இழுவை ஜாஸ்தி."

"அதனால?"

"பின்னாலயே ஏத்திடலாம்."

வண்டியை வளைவுவரை உருட்டி இறக்கி, அங்கே முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்பினார். இப்போது ஜீப்பின் முகம் கள்ளக்குறிச்சியைப் பார்த்தது, முதுகு பள்ளிக்கூடத்தை. நான் குழந்தையோடு இறங்கிக்கொள்ளப் பார்த்தேன். "நீங்க இறங்கக் கூடாது டீச்சரம்மா. பின் சக்கரத்துமேல வெயிட்டு கம்மியானா மண்ணுல சுத்திக்கினே இருக்கும். மூட்டை, நீங்க, அந்தம்மா, எல்லாம் பின்னாடியே ஒட்டி உக்காருங்க."

அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அவர் கழுத்து ஞாபகம் வந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. என் கணவர் கல்லோடு முன் சக்கரத்துப் பக்கம் வர வேண்டும். பாதையைப் பார்க்கக் கூடியவள் நான்தான்.

"நீங்க சொல்லுங்க, நான் திருப்பறேன்" என்றார் சலீம் பாய்.

"குடு டீச்சர். உன் புள்ள இன்னா என்னைக் கடிச்சிடுமா?" பச்சையம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். மீனு அழவில்லை. எனக்குத்தான் கை வெறுமையாகி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்தேன்.

ஜீப் உறுமியது. நிஜமாகவே பின்னால் ஏறியது. "இடது பக்கம்" என்றேன். வண்டி பள்ளத்தை நோக்கிப் போனது. "இடது, இடது" என்று கத்தினேன். இன்னும் போனது. என் கணவர், "நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே கல்லை முன் சக்கரத்துக்குக் கீழே போட்டார். வண்டி குலுங்கி நின்றது.

"என் இடதா, உங்க இடதா?" என்றார் சலீம் பாய், முன்னால் பார்த்தபடியே.

நான் பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், அவர் முன்னால் பார்த்து. என் இடது அவருக்கு வலது. அப்படியானால் நான் வலது என்று சொல்ல வேண்டுமா? அவர் ஏற்கெனவே மாற்றி யோசித்துக்கொண்டால் மறுபடி தப்பாகுமே? எது சரி என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, பச்சையம்மா மீனுவைத் தோளில் தட்டியபடி, "இடதும் வேணாம், வலதும் வேணாம். மலைப் பக்கம், பள்ளப் பக்கம்னு சொல்லு. அது யாருக்கும் மாறாது" என்றார்.

அதன்பிறகு யோசிக்க நேரமில்லை. "மலைப் பக்கம். போதும். நேரே. மலைப் பக்கம், மலைப் பக்கம். கொஞ்சம் பள்ளப் பக்கம். போதும்." என் வாழ்க்கையில் ஒன்றைச் சொல்லிவிட்டு அதைத் திரும்ப எடுக்காமல் இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். புழுதியில் பல் நறநறத்தது. ஒரு கோழி கட்டவிழ்ந்து பறந்தது. யாரும் அதைப் பிடிக்க நிற்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "டீச்சர்தானே நீங்க? இங்க வர்ற டீச்சருங்க சீக்கிரமா போயிடுவாங்கன்னு தெரியும். நீங்க வரும்போதே போற பக்கம் பார்த்துக்கினு வர்றீங்களே" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. வெளியே ஜீப் கீழ்நோக்கித் தயாராக நின்றது. ஏறி உட்கார வேண்டியதுதான். அன்றே இறங்குவது என்றுதானே பேச்சு.

"தரைப் பல்லுக்கு இறக்கத்துல பிடிமானம் கம்மி. பிரேக்கை நம்பித்தான் போவணும். பாத்துப் பொறுமையா இறக்கறேன், உக்காருங்க" என்றார் சலீம் பாய். வெயிலில் நெற்றியைச் சுருக்கி அவர் கீழே ஊர் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் எவ்வளவு பாரம் குறைகிறதோ அவ்வளவு நல்லது. கீழே போய்ச் சேர்ந்தால் மட்டும் எங்களுக்கு எந்த பஸ் காத்திருக்கிறது?

"நாங்க இருந்துக்கிறோம் பாய். நீங்க இறங்குங்க" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "லீவு முடியுதே?"

"ரோடே இல்ல. லீவு எதுக்கு?"

அவர் பெட்டியை இறக்கினார். ஜீப் நகர்ந்தபோது என்னையறியாமல், "மலைப் பக்கமாவே போங்க" என்று கத்தினேன். சலீம் பாய் கையை வெளியே நீட்டி ஆட்டினார். "இப்ப எனக்கே ரோடு தெரியுது டீச்சரம்மா."

அடுத்த நாட்களில் பால் விஷயம் தீர்ந்தது. பச்சையம்மா வீட்டு ஆட்டுப்பால். டப்பா மாவைத் துப்பி எங்களையெல்லாம் அழவைத்த மீனு, பள்ளிச் சமையலறையில் குழைய வேகவைத்த சாமைச் சோற்றைக் கிண்ணத்தோடு பிடுங்கினாள். என் கணவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் என்னை 'பின்னால வந்த டீச்சர்' என்றார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு இரவும் கீழே விளக்கு எதுவும் தெரியாத இருட்டைப் பார்த்து, ஷமீமுக்கு வலி வந்திருக்குமா, பாதையில் மரம் கிடக்குமா, எங்களை ஏற்றிவந்ததில் பெட்ரோல் போதாமல் போயிருக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுச் சொல்ல ஆள் வரவில்லை.

ஒருநாள் காலை இரண்டாம் பாடவேளையில் கீழே வளைவுகளில் ஜீப் சத்தம் கேட்டது. சாக்பீஸோடு வாசலுக்கு வந்தேன். அன்றைக்குக் கேட்ட முனகல் இல்லை. மலை முழுக்க எதிரொலிக்கும்படி தொண்டை கிழிய அலறிக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. பெட்ரோலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. பரணிலிருந்த மூட்டை இறங்கிவிட்டது.

"யாரோ வர்றாங்க" என்றார் என் கணவர், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்து.

வண்டி முகத்தைக் காட்டிக்கொண்டு கடைசி மேட்டை ஏறி வந்து நின்றது. சலீம் பாய் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். கழுத்து நன்றாகத் திரும்பியது. கையில் ஒரு தூக்குச் சட்டி. அவர் வாயைத் திறப்பதற்குள், "பையனா பொண்ணா பாய்?" என்றேன்.

சொல்ல வந்த செய்தியை நான் பறித்துக்கொண்டதில் அவர் முகம் ஒரு கணம் வாடிப்போயிற்று. "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றவர், "அதுக்குள்ள யாரு வந்து சொன்னது?" என்று கேட்டார்.

"நீங்கதானே வண்டியைக் கேக்கச் சொன்னீங்க" என்றேன்.